பதினாலு நாள் ஊசி

கச்சேரி ரோட்டு மசூதிக்குப் பின்னால் இருந்த சந்தில் பக்ரீத் அன்று எல்லா வீட்டுக்கும் கறிப்பங்கு போகும். வலியுல்லா வீட்டுக்கும் போகும். போன தட்டு அப்படியே அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடும். அந்த வீட்டு அடுப்பில் ஆட்டுக்கறி ஏறிப் பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டே பேர். காரப்பொடி மீன், கத்தரிக்காய், பருப்பு என்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டைத் தொட்டே பிழைக்கிறவன் ஆட்டுக்கறி தின்னமாட்டேன் என்றால் ஊர் சும்மா இருக்குமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தொழுகை முடிந்து மசூதி வாசலில் நின்று பேசுகிறவர்கள் வலியுல்லா செருப்பு மாட்ட வரும்போது பேச்சைச் சுருக்கிக்கொள்வார்கள். சலாம் சொன்னால் பதில் சலாம் வரும். அதற்கு மேல் ஒன்றும் வராது. அவனும் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டான்.

வேலை அடையாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவே இருந்த மஞ்சள் கட்டடத்தில். பலகையில் இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் எழுதியிருந்தது. ஜனங்களுக்கு அது ஆட்டு பங்களா. வெறிநாய் கடித்தவர்களுக்குப் போடுகிற ஊசிமருந்து அங்கே தயாரானது. மருந்துக்கு ஆட்டின் மூளை வேண்டும். சும்மா மூளை போதாது. முயலின் மூளையில் வளர்த்த வெறி விஷத்தை, ஆட்டின் மண்டையில் சின்னதாகத் துளை போட்டு ஏற்றுவார்கள். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ ஆட்டுக்குப் பின்னங்கால் முடங்கி விழுந்துவிடும். அதற்கப்புறம் குளோரோபாரம் காட்டிக் கொன்று, மூளையை எடுத்து, உப்புத் தண்ணீரும் கார்பாலிக்கும் கலந்து அரைத்து, விஷம் சாகிறவரை வைத்திருந்து, முயலுக்குப் போட்டுச் சோதித்த பிறகு பாட்டிலில் அடைப்பார்கள். வலியுல்லாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இதை மட்டும் புதிதாக வருகிற கம்பவுண்டருக்கு அவனே சொல்லிக்கொடுப்பான்.

அவன் வேலை ஆடுகளைப் பார்த்துக்கொள்வது. அகத்திக்கீரை கட்டுவான், தரை கழுவுவான், காதில் உண்ணி எடுப்பான். ஆடுகளுக்கு அவன் காலடிச் சத்தம் தெரியும். கதவுக்கு வெளியே செருமினாலே எழுந்து வரும். துளை போடுகிற அன்று தலையைப் பிடித்துக்கொள்வதும் அவன்தான். வேறு யார் பிடித்தாலும் துள்ளுகிற ஆடு அவன் பிடித்தால் நிற்கும். அதனாலேயே டாக்டர் ராஜநாயகத்துக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். சாந்தோம் மாதா கோயிலுக்குப் போகிற அமைதியான மனுஷர். அவனை ஒருநாளும் அதட்டியதில்லை.

வேலைக்குப் போன முதல் மாதம். கல்யாணமாகியும் அவ்வளவு நாள்தான் ஆகியிருந்தது. அன்று முதல் ஆடு போயிற்று. வீட்டுக்கு வந்து, சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, "ஓதாம சாவுது சகினா. கழுத்துல கத்தி வெச்சு, அல்லா பேர சொல்லி அறுத்தா ஒரு மொறை. இது அதுவும் இல்ல. மூஞ்சில பஞ்ச அழுத்துறாங்க. என் மொகத்தயே பாத்துக்கினு கீது" என்று அழுதான். புதுப்பெண்டாட்டி முன்னால் ஆம்பிளை அழுதால் அவள் அதை ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அப்போது அவனுக்கு வேறு யாரும் இல்லை, சொல்லிவிட்டான்.

சகினா கோபப்படவில்லை. மறுநாளிலிருந்து சில ஏற்பாடுகள் செய்தாள். பின்கட்டுக் கிணற்றில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வேலைத் துணிக்குத் தனிப்பானை. ஆட்டுக்கறி வேண்டாம். பொழுது சாய அவன் ஈரத்தலையோடு உட்கார்ந்ததும், "இன்னிக்கி எத்தினி?" என்று கேட்பாள். "ஒண்ணு" என்பான், அல்லது "இல்ல" என்பான். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஒன்று என்றால் அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, அப்புறம் சோறு போடுவாள். மூன்று குழந்தைகள் பிறந்தன, மூன்றும் தங்கவில்லை. அந்த வீட்டில் பேச்சு என்றால் அந்த இரண்டு பேருக்குள் நடப்பதுதான். வெளியே அவனுக்கு இல்லாத பேச்சையெல்லாம் அவள்தான் ஈடுகட்டினாள்.

இன்னொரு ஆளும் ஒருதரம் கேட்டதுண்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள், ஜீவகாருண்யக்காரி, நோட்டீசு கட்டோடு பங்களாவுக்கு வந்தாள். வாட்ச்மேனை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு, ஆடுகள் வேதனைப்படுமா என்று வலியுல்லாவிடம் விசாரித்தாள். "கத்தாதும்மா. பல்லக் கடிக்கும்" என்றான். அவள் எழுதிக்கொண்டாள். போகும்போது ஒரு இங்கிலீஷ் நோட்டீசு கொடுத்தாள். அதை அவன் மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறான். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. அவனிடம் அதைக் கேட்ட வெளி மனுஷி அவள் ஒருத்திதான்.

டாக்டர் அன்று சாயங்காலமே அவனைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு அறையைக் காட்டினார். கடி பட்டு நாற்பது நாள் கழித்துத் தேனாம்பேட்டையிலிருந்து வந்தவன் கட்டிலில் கட்டப்பட்டுக் கிடந்தான். நர்சு தம்ளரில் தண்ணீர் கொண்டுபோனாள். தாகத்தில் நாக்கு வெளியே தள்ளியிருந்தவன் தண்ணீரைப் பார்த்ததும் தொண்டை இழுத்து அலறினான். "அந்த அம்மா இதையும் பார்க்கணும் வலியுல்லா. ஆடா, இவனான்னு கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார் டாக்டர். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. நியாயம் இரண்டு பக்கமும் இருந்தால் நடுவில் நிற்கிறவனுக்குத் தூக்கம் போய்விடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் வருஷம் ஆனி மாதம் அது. வெயில் குறைந்தபாடில்லை, காற்றில் மண் வாரி இறைத்தது. சகினா சந்து முனையில் மீன்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அமீனா பீ வாசலில் சோறு தின்று வளர்ந்த செவலை நாய் எங்கிருந்தோ தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, சகினாவின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டுப் போயிற்று. போகிற வழியில் ஒரு ஜட்கா குதிரையையும் கடித்தது. சித்திரைக்குளத்துப் பக்கம் அதை அடித்துக் கொன்றார்கள். வலியுல்லாவே அதைக் கோணியில் கட்டிப் பங்களாவுக்குத் தூக்கிப் போனான். டாக்டர் அதன் மூளையைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டு, "வெறிதான். நாளைக்கே கூட்டிட்டு வா. வயித்துல பதினாலு ஊசி" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னான். சகினா மஞ்சள் பற்றுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வேணாங்க."

"வேணான்னா இன்னா அர்த்தம்? செத்துடுவே சகினா."

"நீங்க சொன்ன ஆடுதானே அது? ஓதாம சாவுதுன்னு சொன்னீங்களே, அந்த ஆடு. உங்க காலடி கேட்டா எழுந்து வரும்னு சொன்னீங்களே. உங்கள நம்பி தலையக் குடுத்துச்சு. அத்த என் வயித்துல ஏத்திக்கினு நான் உயிரோட இருக்கணுமா? நான் மாட்டேன்."

அமீனா பீ வந்தாள். தான் சோறு போட்ட நாய் கடித்துவிட்டதே என்று அவளுக்குக் குற்ற உணர்ச்சி. தானே ஓடிப்போய் மசூதி ஹஜ்ரத்தைக் கேட்டு வந்தாள். உயிர் போகிற நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதும் ஆகும், மருந்தை மறுப்பதுதான் தப்பு என்று ஹஜ்ரத் தெளிவாகச் சொல்லியிருந்தார். சகினா மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். "ஹஜ்ரத்து சொல்றது சட்டம். நான் இல்லேன்னு சொல்லல அமீனாம்மா. இவரு அன்னிக்கி அழுதத நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு மீன் அலச எழுந்து போனாள்.

மறுநாளும் போயிற்று. காலில் கடித்ததால் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது, முகத்தில் கடித்திருந்தால் இதுவும் இருக்காது, ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொள் என்று டாக்டர் எச்சரித்தார். வலியுல்லா பத்தொன்பது வருஷத்தில் முதல்தரமாக அவரிடம் ஒன்று கேட்டான். அடுத்த ஆட்டைத் தன் கையால் ஓதி அறுக்க விட வேண்டும், அந்த மருந்தைச் சகினாவுக்குப் போட வேண்டும். டாக்டர் சிரிக்கவில்லை. கழுத்தறுத்தால் ஆடு உதைக்கும், ரத்தமும் இரைப்பைத் தண்ணீரும் தலையெல்லாம் பூசும், மூளை சுத்தமாக வராது, அதனால்தான் குளோரோபாரம் என்றார். "அப்படியே விட்டாலும் இன்னிக்கு எடுக்கிற மூளை சோதனை முடிஞ்சு மருந்தாக எத்தனையோ வாரம் ஆகும். உன் சம்சாரத்துக்கு நான் போடப்போறது போன மாசத்து ஆடு. அது செத்தாச்சே வலியுல்லா."

செத்த ஆட்டுக்கு ஓத முடியாது. அன்று பொழுது சாய, ஈரத்தலையோடு அடுப்படிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு அவன் பொய் சொன்னான். முதல் வருஷம்தான் ஓதாமல் போனது, அப்புறம் மனசு கேட்கவில்லை, டாக்டர் மாடிக்குப் போகிற நேரம் பார்த்து, மயக்கத்திலேயே கழுத்தில் கத்தி வைத்து ஓதிவிடுகிறேன், இத்தனை வருஷமாக அப்படித்தான், வேலை போய்விடுமே என்று உன்னிடம் கூடச் சொல்லவில்லை என்றான்.

சகினா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

"தண்ணி குடுத்தீங்களா?"

"குடுப்பேன். கையில ஏந்திதான் குடுப்பேன்." இது உண்மை. கால் விழுந்த ஆடு தொட்டிக்கு எழுந்து வராது.

"இன்னொரு ஆடு பாக்காம?"

"தனி ரூம்ல." இதுவும் உண்மை.

"ஓதினீங்களா?"

"ஓதாம இருப்பனா?"

மறுநாள் விடியற்காலையில் அவள் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

கல்யாணமாகி அவர்கள் சேர்ந்து நடந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இப்போது தினமும் நடந்தார்கள். மந்தைவெளி தாண்டி, தோட்டங்களுக்கு நடுவே, கடல்காற்று எதிரே அடிக்க. ஊரூர்க் குப்பத்து மீன்காரிகள் கூடையோடு பாலத்தைத் தாண்டி எதிரே ஓட்டமும் நடையுமாக வருவார்கள். அவர்களில் ஒருத்தி மூன்றாம் நாளே சகினாவைத் தெரிந்துகொண்டு, ஊசிக்கு நெத்திலி ஆகுமா ஆகாதா என்று யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். சகினா வாய் ஓயாமல் பேசினாள். மாம்பலம் ஏரியைத் தூர்த்து எத்தனையோ வீடு கட்டுகிறார்களாமே, அங்கே ஒரு வீடு எப்படி இருக்கும், கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்குமா? வலியுல்லா ம் கொட்டிக்கொண்டு வந்தான். இவளோடு இப்படி நடக்கத்தான் அவன் ஆசைப்பட்டிருந்தான். ஆனால் சொன்ன பொய் நடுவில் இருந்ததால், நடக்கும்போது தனியாகப் போகிற மாதிரி இருந்தது.

பங்களா வராந்தாவில் கடிபட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சகினாவுக்கு வயிறு இட்லித்தட்டு மாதிரி வீங்கிப்போயிற்று. ஊசி போட்டுக்கொண்டு அவள் தனியாகவே திரும்பிவிடுவாள். சாயங்காலம் அவன் வந்ததும் அதே கேள்வி, கூட ஒரு கேள்வி. "இன்னிக்கி எத்தினி? ஓதினீங்களா?" அந்த வாரம் இரண்டு ஆடுகள் போயின. இரண்டு தரமும் சுவரைப் பார்த்து, "ஓதாம இருப்பனா" என்றான். அவள் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் ஓரக்கண்ணால் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். தேனாம்பேட்டைக்காரன் அலறல் காதைவிட்டுப் போகவில்லை.

இதற்குள் சகினா அமீனா பீயிடம் சொல்லி, அமீனா பீ சந்துக்கே சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை மசூதி வாசலில் பேச்சு சுருங்கவில்லை. கசாப்புக்கடை அக்பர் பாஷா, இத்தனை வருஷம் முகம் திருப்பிக்கொண்ட ஆள், அவன் தோளில் கை போட்டு, "இத்தினி பெரிய காரியத்த மனசுலயே வெச்சுக்கினு இருந்தியே பாய்" என்றான். யாரோ டீ வாங்கிக் கொடுத்தார்கள். பத்தொன்பது வருஷம் கிடைக்காத டீ. வலியுல்லாவால் அதை விழுங்க முடியவில்லை.

ஒன்பதாம் நாள். கால் விழுந்த ஆடு ஒன்று தயாராக இருந்தது, நெற்றியில் வெள்ளைப் பொட்டுக் கொண்ட கறுப்பு ஆடு. சகினாவை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு அவன் கொட்டகைக்குப் போனான். டாக்டர் வழக்கமாக ஏழரைக்கு வருவார். ஏழே காலுக்கு முடித்தால் மூளை கெடாது, கழுத்தைக் கழுவித் துடைத்துவிடலாம், பேசிச் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். ஒரு ஆட்டையாவது நிஜமாக அனுப்பிவிட்டால், சொன்னதில் ஒரு துளியாவது நிஜமாகிவிடும் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆட்டை மேற்கே, தொழுகிற திசையான கிப்லா பக்கம் திருப்பினான். கையில் தண்ணீர் ஏந்திக் கொடுத்தான். கத்தியை இடுப்பிலிருந்து அது பார்க்காமல் எடுத்தான். "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்றான். சத்தமாகவே சொன்னான்.

அன்றைக்குப் பார்த்து டாக்டருடைய சைக்கிள் லஸ் மூலையில் பஞ்சர். ஒட்டுகிற கடை திறக்கும் என்று காத்திருந்து பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதரை. தகரக் கொட்டகை கொதித்துக்கொண்டிருந்தது, ஈ மொய்த்தது. டாக்டர் மண்டையைத் திறந்து பார்த்தார், முகர்ந்தார், மூடிவிட்டார். இருபது பேருக்காவது ஆகியிருக்கும் மருந்து. தோட்டி வந்து ஆட்டை இழுத்துக்கொண்டு போய் எரிகிற குழியில் போட்டான்.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். கடைசியில், "மத்த ஆடெல்லாம் யாரையாவது காப்பாத்திச்சு வலியுல்லா. இதை நீ சும்மா கொன்னுட்டே" என்றார். வேலையை விட்டு நீக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் அவன் குளித்துவிட்டு உள்ளே வந்தான். சகினா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கி எத்தினி?"

"ஒண்ணு."

"ஓதினீங்களா?"

"ஓதினேன்."

அருவாமணையில் காய் பாதியில் நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கி மூஞ்சப் பாத்து சொல்றீங்க" என்றாள். "இத்தினி நாளும் செவுத்தப் பாத்துக்கினு சொன்னீங்க."

பானையில் போட மறந்து மறுபடி மாட்டிக்கொண்ட வேலைச் சட்டையின் கைமடிப்பில் கழுவியும் போகாத ரத்தக்கறை இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் அவன் துணியில் ரத்தக்கறை பட்டு அவள் பார்த்ததில்லை. குளோரோபாரத்தில் செத்த ஆடு யார் மேலும் பீய்ச்சாது. கழுத்தறுத்ததாக அவன் சொன்னபோதே அவள் அதை யோசித்திருக்கலாம், ஆனால் நம்ப வேண்டும் என்று இருக்கிறவர்கள் யோசிப்பதில்லை.

எல்லாவற்றையும் சொன்னான். முன்னே ஒரு ஆட்டுக்கும் ஓதியதில்லை, இன்றைக்குத்தான், அதுவும் கெட்டு எரிகுழிக்குப் போயிற்று, டாக்டர் சொன்னது, எல்லாம். முதல் மாதம் அழுத மாதிரி இப்போது அழுகை வரவில்லை. அவள் காயை நறுக்கி முடித்து, தண்ணீரில் போட்டு, அடுப்பை மூட்டினாள். சோறு போட்டாள். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

காலையில் அவன் எழுந்தபோது அவள் துப்பட்டி போர்த்திக்கொண்டு புறப்பட்டிருந்தாள். அவன் அவசரமாகச் சட்டை மாட்டினான்.

"நீங்க அப்பால வாங்க. எனக்கு வழி தெரியும்."

"ஊசி போட்டுக்கப் போறியா?"

அவள் வாசற்படியில் நின்றாள். "ஒண்ண வீணாக்கிட்டீங்க. ஒம்பது ஊசி போட்டுக்கினு பாதியில நான் நிறுத்தினா, அதுங்களும் வீணாத்தானே போவும்?" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.

மிச்சம் ஐந்து நாள். ஐந்து நாளும் அவள் முன்னால் போனாள். அவன் ஒரு பர்லாங்கு பின்னால் போனான். மந்தைவெளித் தோட்டங்களுக்கு நடுவே வெள்ளைத் துப்பட்டி மட்டும் தூரத்தில் தெரியும். பாலத்துக்கிட்டே மீன்காரி அவளோடு நின்று பேசுவாள், அவன் கிட்டே வருவதற்குள் சகினா கிளம்பிவிடுவாள். சாயங்காலம் எத்தனை என்று அவள் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு அவன் ஈரத்தலையோடு உட்கார்ந்திருப்பான். மசூதி வாசலில் அக்பர் பாஷா இன்னும் தோளில் கை போட்டுக்கொண்டிருந்தான். சகினா யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. அவனைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தாளே, அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று அவனுக்கு இருந்தது.

பதினாலாம் ஊசி போட்ட அன்று மழை பிடித்துக்கொண்டது. கோடையின் முதல் மழை, சந்தெல்லாம் மண்வாசனை. பொழுதோடு அவன் நனைந்தே வந்தான். ஆனாலும் கிணற்றில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தான். சகினா பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இனிப் பயமில்லை என்று டாக்டர் சொல்லியனுப்பியதைச் சொன்னான். அவள் தலையசைத்தாள்.

மழை ஓட்டில் விழுகிற சத்தம் கொஞ்சம் தணிந்ததும் அவளே பேசினாள்.

"தண்ணி குடுத்தேன்னு சொன்னீங்களே. கையில ஏந்தி. அதாச்சும் நெசமா?"

அவன் சுவரைப் பார்க்கவில்லை. "அது நெசம் சகினா. ஒண்ணு விடாம குடுத்தேன்."

அவள் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் பானையிலிருந்து ஒரு தம்ளர் மொண்டு, அவனுக்குத் தெரிகிற மாதிரி தொண்டையை நிமிர்த்தி, மடக் மடக்கென்று முழுவதும் குடித்தாள். இத்தனை நாள் ஓரக்கண்ணால் அவன் பார்த்ததையெல்லாம் அவள் கவனித்துத்தான் இருந்திருக்கிறாள். அதே தம்ளரில் மறுபடி மொண்டாள். அவன் முன்னால் வைத்துவிட்டு, நிலைப்படிக்கு அந்தப் பக்கம் போய் மழையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.